ஊசலுக்கும் ஒரு அனாமத்துக் கணக்கு வேண்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். இயற்பியலுக்கும் எனக்கும் இருந்த உறவு பிளஸ் டூ பொதுத்தேர்வோடு சுமுகமாக முடிந்துபோனது. "பற்று வரவு எழுதுறவனுக்கு ஊசல் எப்படி ஆடினா என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது இயற்பியல் சண்டை இல்லை. நோட்டில் எழுதிய ஒரு எண்ணை அடித்துவிட்டு, அதற்குப் பதில் 'வரவேண்டிய' எண்ணை எழுதச் சொன்ன சண்டை. அது எங்க ஏரியா :-)

நடந்தது இதுதான். என் தங்கச்சி பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு. போன மாதம் ப்ராக்டிகலில் தனி ஊசல் பரிசோதனை. 1 மீட்டர் நூல், கீழே குண்டு, கையில் ஸ்டாப் கிளாக். லேசாக இழுத்து விட்டு 20 அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தாள். 40.2 நொடி. அதை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் கணக்குப் போட்டால் 9.77 வந்தது. புத்தகத்தில் 9.8. எல்லாரும் சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து டேபிள் முடிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று குண்டைப் பெரிதாக, கிட்டத்தட்ட 45 டிகிரிக்கு இழுத்து விட்டிருக்கிறாள். அதே நூல், அதே குண்டு, அதே 20 அலைவு. 41.4 நொடி. 'தப்பா எண்ணிட்டோமோ' என்று மறுபடி. 41.5. இன்னொரு முறை. 41.3. மூன்றையும் அப்சர்வேஷன் நோட்டில் கீழே எழுதிவைத்தாள்.

மிஸ் வந்து பார்த்தார். சிவப்பு மையில் ஒரு கோடு. "வீச்சு மாறினா அலைவு நேரம் மாறாதும்மா. விதி படிச்சியா இல்லையா? ஸ்டாப் கிளாக்கை லேட்டா அமுக்கியிருக்க. 40.2ன்னு மாத்தி எழுது."

மாற்றி எழுதிவிட்டாள். எழுதாமல் என்ன செய்வாள்? வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "அண்ணா, மூணு தடவையும் ஒரே மாதிரியா லேட்டா அமுக்குவேன்?"

இந்தக் கேள்விக்கு என்னால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்து, வீட்டில் செய்தும் பார்த்துவிட்டு இப்போது சொல்கிறேன். தப்பு அவள் விரலில் இல்லை. அவள் எழுதிய எண்தான் சரி. மாற்றி எழுதிய எண்தான் பொய்.

முதலில் ஊசலின் வழக்கு

வீச்சு கூடினால் அலைவு நேரமும் கூடும். கொஞ்சம்தான், ஆனால் நிச்சயமாகக் கூடும். 'ரொம்பச் சின்ன ஆட்டத்துக்கு' என்று புத்தகச் சூத்திரம் சொல்லும் நேரத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டால், கணக்கு இப்படி வருகிறது (பக்கவாட்டில் எத்தனை டிகிரி இழுக்கிறோம், நேரம் எத்தனை சதவீதம் கூடுகிறது):

5 டிகிரி: 0.05
10 டிகிரி: 0.19
20 டிகிரி: 0.77
30 டிகிரி: 1.7
45 டிகிரி: 4.0
60 டிகிரி: 7.3
90 டிகிரி: 18.0

ஏன் கூடுகிறது? எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். குண்டை எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ, அதே விகிதத்தில் அதைத் திரும்ப நடுவுக்கு இழுக்கும் விசையும் கூடினால், எவ்வளவு தூரம் இழுத்தாலும் திரும்பிவர ஒரே நேரம்தான் ஆகும். தூரம் இரண்டு மடங்கு, இழுவையும் இரண்டு மடங்கு, கணக்கு நேர். ஆனால் ஊசலில் இழுக்கும் விசை கோணத்தைப் பொறுத்தது இல்லை, கோணத்தின் 'சைன்' மதிப்பைப் பொறுத்தது. சின்னக் கோணத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பெரிய கோணத்தில் சைன் பின்தங்கிவிடும். 100 ரூபாய் இழுவை வரவேண்டிய இடத்தில் 30 டிகிரியில் 95 ரூபாய் சொச்சம்தான் வருகிறது, 45 டிகிரியில் 90, 60 டிகிரியில் 83. சம்பளம் குறைந்தால் வேலை மெதுவாகத்தானே நடக்கும்? அவ்வளவுதான் விஷயம்.

இப்போது தங்கச்சியின் நோட்டுக்கு வருவோம். 40.2 நொடியில் 4 சதவீதம் என்றால் 1.6 நொடி. அவளுக்குக் கூடியது 1.2 நொடி. ஏன் குறைவு? 20 முறை ஆடுவதற்குள் காற்று தடுத்து ஆட்டம் சுருங்கிவிடும், 45 டிகிரி கடைசிவரை 45ஆக இருக்காது. ஆக 1.2 என்பது எதிர்பார்க்க வேண்டிய எண்தான். கையால் அமுக்குவதில் வரும் பிழை சில நேரம் முன்னே போகும், சில நேரம் பின்னே போகும். மூன்று முறையும் ஒரே பக்கம், கிட்டத்தட்ட ஒரே அளவு சாய்ந்தால் அது கைப்பிழை இல்லை. ஊசல் எதையோ சொல்கிறது என்று அர்த்தம்.

அப்போ விதி பொய்யா?

இல்லை. இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும். 10 டிகிரிக்கு இழுத்தால் 20 அலைவில் கூடுவது 0.08 நொடி. நம் விரல் அதைவிடப் பெரிய பிழை செய்யும். ஸ்டாப் கிளாக்கால் பிடிக்கமுடியாத வித்தியாசத்தை 'இல்லை' என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதில் எந்தத் தவறும் இல்லை. அது புத்திசாலித்தனம்.

எங்கள் பாடத்திலும் இது உண்டு. மெட்டீரியாலிட்டி என்பார்கள். கோடிக்கணக்கில் விற்பனை செய்யும் கம்பெனியில் 40 ரூபாய் பேனா வாங்கியதைச் சொத்து என்று காட்டி வருஷா வருஷம் தேய்மானம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். செலவில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆனால் அதே சலுகையை 40 லட்சம் ரூபாய் மெஷினுக்குக் கொடுத்தால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். சலுகை எண்ணின் அளவுக்குத்தான், எல்லா எண்ணுக்கும் இல்லை. 'சிறிய வீச்சு' என்பதும் அப்படி ஒரு சலுகைதான். 5 டிகிரிக்குக் கொடுத்ததை 45 டிகிரிக்கும் கொடுத்தால்?

என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். 41.4 நொடியை அதே சூத்திரத்தில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.21 வருகிறது. 9.8 எங்கே, 9.21 எங்கே! கிட்டத்தட்ட 6 சதவீதம் அடி வாங்குகிறது. அதாவது வகுப்பில் எவனாவது ஆர்வக்கோளாறில் பெரிதாக இழுத்துவிட்டால் அவனுக்கு 9.8 வரவே வராது. அவன் என்ன செய்வான்? 9.8லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நொடியை எழுதுவான். நான் எழுதியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, பிளஸ் ஒன்னில் நானும் அப்படித்தான் எழுதினேன். முழு மார்க்.

கலிலியோவும் இதே தப்பைச் செய்தார்

பைசா நகரத்துக் கோயிலில் தொங்கிய விளக்கு ஆடுவதை இளைஞர் கலிலியோ நாடித்துடிப்பை வைத்து அளந்தார் என்று கதை படித்திருப்போம். அவருடைய சீடர் விவியானி பிற்பாடு எழுதியது அது. கதை எப்படியோ போகட்டும். 1602ல் கிதோபால்தோ தெல் மான்டே என்பவருக்கு எழுதிய கடிதத்திலேயே, ஆட்டம் பெரியதோ சின்னதோ நேரம் ஒன்றுதான் என்று கலிலியோ வாதாடுகிறார். 1638ல் வெளிவந்த கடைசிப் புத்தகத்திலும் அதையே சொல்கிறார். அவ்வளவு பெரிய மனிதர் சொன்னால் யார் மறுப்பது?

மறுத்தார்கள். பிரான்சில் மெர்சென் என்ற பாதிரியார். கலிலியோவின் எழுத்தைப் பிரெஞ்சு வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரே அவர்தான். எதிரி இல்லை, ரசிகர். ஆனாலும் ஊசலைத் தானே ஆடவிட்டுப் பார்த்தார். பெரிய ஆட்டம் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கிறது என்று எழுதினார். அடித்துவிட்டு மாற்றி எழுதவில்லை.

அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனவர் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ். 1656ல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். கடிகாரம் செய்கிறவனுக்கு இந்த வித்தியாசம் விளையாட்டு இல்லை. பக்கத்துக்கு 2 டிகிரி ஆடும் ஊசல், மிகமிகச் சின்ன ஆட்டத்தோடு ஒப்பிட்டால், ஒரு நாளைக்கு 6.6 நொடி மெதுவாக ஓடும். 3 டிகிரி ஆடினால் 14.8 நொடி. கடிகாரத்துக்குள் எண்ணெய் காய்ந்து ஆட்டம் 3லிருந்து 2 டிகிரிக்குச் சுருங்கினால், இந்த ஒரு காரணத்தால் மட்டும் தினம் 8 நொடி மாறிவிடும். மாசத்துக்கு 4 நிமிஷம்! லேபில் கண்ணுக்கே தெரியாத பிழை, கடிகாரத்தில் கூட்டு வட்டி மாதிரி குட்டி போடும்.

வட்டப் பாதையில் ஆடாமல் எந்தப் பாதையில் ஆடினால் நேரம் நிஜமாகவே மாறாது என்று ஹைகன்ஸ் தேடினார். 1659ல் விடை கிடைத்தது. சைக்ளாய்டு. தரையில் உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால் அது காற்றில் வரையும் வளைவு. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஊசலுக்கு வேண்டிய பாதை. நூல் தொங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வளைந்த தகடு வைத்தார். ஆட்டம் பெரிதானால் நூல் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், ஆடும் நீளம் தானாகக் குறையும், நேரம் சரியாகும். இதையெல்லாம் 1673ல் புத்தகமாகப் போட்டார். பிற்பாடு வந்த கடிகாரக்காரர்கள் தகட்டை விட்டுவிட்டு, ஊசலைச் சில டிகிரி மட்டுமே ஆடவிடும் சுலபமான வழிக்குப் போய்விட்டார்கள் என்பது வேறு கதை.

யோசித்துப் பாருங்கள். மெர்சென் நோட்டில் யாராவது சிவப்புக் கோடு போட்டு, "கலிலியோ சொல்லியிருக்கார், மாத்தி எழுது" என்று சொல்லியிருந்தால்?

இது ஏதோ ஐரோப்பா விஷயம் என்று நினைக்கவேண்டாம். 1821ல் மெட்ராஸ் வானாய்வகத்தில், இன்றைய நுங்கம்பாக்கத்தில், கோல்டிங்ஹாம் என்பவர் ஊசலை ஆடவிட்டு அளந்தார். நொடி ஊசலின் நீளம் மெட்ராஸில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. இப்படிப்பட்ட அளவீடுகளில் ஆட்டத்தின் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்காகத் திருத்தம் போட்டுத்தான் விடை சொல்வது வழக்கம். 200 வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயத்தை, இன்றைக்கு அதைக் கண்டுபிடித்த ஒரு பெண்ணிடம் 'நீ லேட்டா அமுக்கிட்ட' என்கிறோம்.

இருப்பாய்வு சரியாக வரவில்லையா?

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம். இருப்பாய்வு போடுகிறோம். பற்றும் வரவும் பொருந்தவில்லை, 1,200 ரூபாய் வித்தியாசம். தெரு முனைக் கடைக்காரர் என்றால் எங்கேயாவது 1,200ஐச் செருகிவிட்டு மூடிவிடுவார். எங்களுக்கு அப்படிச் செய்யக்கூடாது என்பதுதான் முதல் பாடம். வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று தனியாக எல்லார் கண்ணிலும் படும்படி எழுதவேண்டும். அப்புறம் பிழையைத் தேடவேண்டும். கண்டுபிடித்த பிறகு அந்தக் கணக்கை மூடவேண்டும்.

அதாவது, பணத்தை எண்ணுகிற எங்களிடம்கூட 'தெரியவில்லை' என்று எழுத ஒரு இடம் இருக்கிறது. உண்மையைத் தேடுவதாகச் சொல்லும் அறிவியல் ரெக்கார்டு நோட்டில் அந்த இடம் இல்லை! நோக்கம், தேவையான பொருட்கள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு. 'பொருந்தாதவை' என்று ஒரு தலைப்பைப் பார்த்திருக்கிறீர்களா? முடிவை முதலில் தெரிந்துகொண்டு அதற்கு ஏற்ற மாதிரி வவுச்சர் தயாரித்தால் எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் மோசடி. லேபில் அதற்குப் பெயர் 'ரீடிங் அட்ஜஸ்ட் பண்றது'.

பதினாறு வயதில் எல்லாரும் சேர்ந்து, ஆசிரியர் முன்னாலேயே, மார்க்குக்காகக் கற்றுக்கொள்ளும் முதல் கள்ளக்கணக்கு இதுதான். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். எந்தக் கள்ளக்கணக்கு பெரிதாகத் தொடங்கியிருக்கிறது?

என்னிடம் சொல்லப்பட்ட பதில்கள்

இதைப் பற்றிப் பேசியபோது நண்பர்களும், ட்யூஷன் எடுக்கிற ஒரு அண்ணனும் சொன்னவை.

"புத்தகத்துலயே சிறிய வீச்சுக்குன்னு போட்டிருக்கேடா." ஆமாம், போட்டிருக்கிறது. விளம்பரத்தின் அடியில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று போட்டிருக்கும் அல்லவா, அந்த மாதிரி. நிபந்தனையைச் சொல்லிவிட்டு, நிபந்தனை மீறினால் என்ன ஆகும் என்று கண்டவளை அடித்து எழுதச் சொன்னால், அப்புறம் அந்த வரி எதற்கு?

"பசங்க குழம்பிடுவாங்க." சைன் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்த பசங்கள். 'சின்னதாக ஆடினால் மாறாது, பெரிதாக ஆடினால் கொஞ்சம் கூடும்' என்பதில் குழம்ப என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்ததைப் பொய் என்று சொன்னால்தான் குழப்பம் வரும்.

"ஐம்பது பேருக்கு ரெண்டு ஸ்டாப் கிளாக். எங்க நேரம்?" இது மட்டும் நிஜமான பதில். அந்த மிஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய நோட்டிலும் ஒரு காலத்தில் யாரோ சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். ஆனால் நேரமில்லை என்றால் 'அப்புறம் பாக்கலாம்மா' என்று சொல்லிவிட்டுப் போகலாமே. கோடு போடவும் அதே அளவு நேரம்தானே ஆனது?

"எக்ஸ்டர்னல் வந்தா 9.8 இல்லன்னா மார்க் போயிடும்." இதுதான் வேர். மார்க் எண்ணுக்குக் கொடுக்கப்படுகிறது, அளந்ததற்கு இல்லை. 9.8 என்பது உலகத்துக்கே தெரிந்த எண். அதைத் திரும்ப எழுதிக் காட்டுவதற்கு ஊசல் எதற்கு, நூல் எதற்கு?

என்ன செய்யலாம்

பெரிய புரட்சி எதுவும் கேட்கவில்லை. தனி ஊசல் பரிசோதனையில் நீளத்தை மாற்றி மாற்றி அளப்பதோடு, வீச்சை மாற்றி மூன்று வரி சேர்த்தால் போதும். 10, 30, 60 டிகிரி. பத்து நிமிஷ வேலை. ரெக்கார்டின் கடைசியில் 'பொருந்தாதவை' என்று ஒரு தலைப்பு, நாலு வரி இடம். எழுதிய ரீடிங்கை அடிக்கக்கூடாது, வேண்டுமானால் பக்கத்தில் இன்னொன்று எழுதலாம் என்று ஒரு கட்டுப்பாடு. எங்கள் பேரேட்டில் அப்படித்தான். தப்பான பதிவை அழிக்கமாட்டோம், திருத்தப் பதிவு போடுவோம்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்துபார்க்கலாம். நாங்கள் செய்தோம். மாடி கிரில் கம்பியில் மெல்லிய நைலான் நூல் கட்டி, அடியில் ஒரு பழைய இரும்புப் பூட்டு. கம்பியிலிருந்து பூட்டின் நடுவரை சரியாக 1 மீட்டர். டிகிரி அளக்கக் கோணமானி தேவையில்லை. பூட்டைப் பக்கவாட்டில் 17 சென்டிமீட்டர் நகர்த்தினால் 10 டிகிரி, 50 என்றால் 30, 71 என்றால் 45, 87 என்றால் 60 (நூல் தொய்யாமல், நடுக்கோட்டிலிருந்து நேர் கிடையாக அளக்கவேண்டும்). தள்ளக்கூடாது, விட்டுவிட வேண்டும். மொபைலில் ஸ்டாப்வாட்ச். ஆட்டம் ரொம்பச் சுருங்கிவிடாமல் இருக்க 10 அலைவு மட்டும் எண்ணினோம், ஒவ்வொன்றையும் ஐந்து முறை. சராசரி 20.1, 20.4, 20.8, 21.3 நொடி. தங்கச்சி எண்ணினாள், நான் அமுக்கினேன். ஆக, லேட்டாக அமுக்கியது அவள் இல்லை என்பதாவது நிரூபணம் ஆகிவிட்டது :-)

அந்த நாலு எண்களையும் அவள் தன் அப்சர்வேஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறாள். ரெக்கார்டில் 40.2 தான் இருக்கிறது, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. "அடுத்த வாரம் மிஸ்கிட்ட காட்டவாண்ணா?" என்று கேட்டாள். காட்டு என்றேன். என்ன சொல்வார் என்று தெரியவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டு, 'பூட்டைக் கொண்டுவா, செய்து பார்ப்போம்' என்று சொன்னால் நான் இங்கே எழுதியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பி.கு: 60 டிகிரியிலிருந்து விடும்போது எதிர்ப்பக்கம் யாரும் நிற்காதீர்கள். அனுபவம் பேசுகிறது. முழங்கை இன்னும் வலிக்கிறது.